நிழலா, புகையா, ஒளியா? கேமராவின் பெயர்க் குழப்பம்

ஒரே ஒரு பெட்டி. அதற்குத் தமிழில் எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். கேமரா, காமிரா, கமரா (இது இலங்கையில்), படக்கருவி, நிழற்படக் கருவி, புகைப்படக் கருவி, ஒளிப்படக் கருவி... அதிலிருந்து வெளியே வருவதற்கும் அதே கதைதான். போட்டோ, போட்டா, நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம். சமயபுரத்துக்கு முடி இறக்க வரும் குடும்பம் கோயில் வாசலில் நின்று "ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் எழுதுகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்தான். நடுவில் மாட்டிக்கொள்வது காசு கொடுத்து வாங்குகிறவர்.

இந்தக் குழப்பம் டிஜிட்டல் காலத்தில் வந்தது என்று நினைத்தால் அது தவறு. கேமரா பிறந்த அன்றே கூடப் பிறந்தது இது. பிரான்சில் நியெப்ஸ் 1820களில் தன் முறைக்கு 'ஹீலியோகிராபி' என்று பெயர் வைத்தார். சூரிய எழுத்து என்று பொருள். அவருடைய கூட்டாளி டாகெர் 1839ல் தன் சொந்தப் பெயரையே ஒட்டி 'டாகெரோடைப்' என்றார். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் முதலில் தன் குறிப்புகளில் எழுதிய சொல் 'ஸ்கியாகிராபி', அதாவது நிழல் எழுத்து. பிறகு அவரே 'போட்டோஜெனிக் டிராயிங்' என்று மாற்றினார். 1841ல் இன்னொரு முறை மாற்றி 'காலோடைப்' ஆக்கினார். கிரேக்கத்தில் அழகிய படம் என்பது போல ஒரு பொருள். அவருடைய நண்பர்கள் அதை 'டால்பட்டைப்' என்றார்கள்! ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர்தான் 1839ல் 'போட்டோகிராபி' என்ற சொல்லைப் பரப்பினார். நெகடிவ், பாசிடிவ் என்ற இரண்டும் அவர் கொடுத்தவையே. (பிரேசிலில் இருந்த ஹெர்குல் புளோரன்ஸ் அதற்கு முன்பே போட்டோகிராபி என்ற சொல்லைத் தன் குறிப்பில் எழுதியிருந்தார். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. பாவம்.)

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிழல் என்று ஒருவர் சொன்னார், சூரியன் என்று ஒருவர் சொன்னார், ஒளி என்று ஒருவர் சொன்னார். பிறகு தமிழில் நடந்த சண்டையும் ஏறக்குறைய இதேதான். அதற்கு முன்னால் கேமரா திருச்சிக்கு வந்த கதையைப் பார்த்துவிடுவோம்.

திருச்சிராப்பள்ளிக்குப் பெரிய அளவில் கேமராவைக் கொண்டுவந்தவர் கேப்டன் லின்னியஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855ல் பர்மாவுக்குத் தூது சென்ற குழுவோடு போய்ப் படம் எடுத்தவர். 1856ல் சென்னை அரசாங்கம் இவரை மாகாணத்தின் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளராக நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பி 1858ன் முதல் மாதங்கள் முழுக்க ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். சாமான்களெல்லாம் மாட்டு வண்டியில். அந்த ஆண்டே திருச்சிக்கு ஒரு தொகுதி, ஸ்ரீரங்கத்துக்கு ஒரு தொகுதி என்று தனித்தனியாக அச்சுப் படங்கள் ஒட்டிய புத்தகங்கள் வெளிவந்தன. இன்று மலைக்கோட்டையின் பழைய படம் என்று எங்கே பார்த்தாலும் அது இவருடையதாகவோ, சில வருடம் கழித்து 1867-68ல் வந்த கேப்டன் லயனுடையதாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

டிரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது கண்ணாடி அல்ல, பிலிமும் அல்ல. மெழுகு ஏற்றிய காகிதம். அந்தக் காகிதத்தில்தான் நெகடிவ் விழும். இந்த ஊர் வெயிலுக்குக் காகிதம் ஒத்துவந்தது, ஆனால் வானம் வெறும் வெள்ளையாக வந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. நெகடிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்தார், மரத்துக்கு இலை சேர்த்தார். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் 'டச்சிங்' என்று சொல்வார்களே, அந்த வேலை இங்கே முதல் நாளிலிருந்தே நடந்திருக்கிறது. 'இயற்கை அப்படியே பதிவானது' என்று பழைய படங்களைப் பார்த்து உருகுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை டிரைப் 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்றைக்குப் போனில் 'பனோரமா' என்ற பெயரில் வருவது இதுவேதான். ஆனால் அரசாங்கத்துக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. 1859ல் கவர்னராக வந்த டிரெவெலியன் இது ஆடம்பரம் என்று சொல்லி, 1860க்குள் அந்தப் படப்பிரிவையே மூடிவிட்டார்.

சரி, பெயருக்கு வருவோம்.

நிழற்படம் என்பது டால்பட்டின் முதல் எண்ணத்தோடு ஒத்துப்போகிற சொல். இந்தியாவின் மற்ற மொழிகளும் இந்த வழியில் போயின. இந்தியில் 'சாயாசித்ர', மலையாளத்தில் ஒளிப்பதிவுக்கு 'சாயாகிரஹணம்'. சாயா என்றால் நிழல். நெகடிவைப் பார்த்தவர்களுக்கு இது சரியாகவே தோன்றியிருக்கும், ஏனென்றால் அதில் வெளிச்சம் கருப்பாகவும் நிழல் வெள்ளையாகவும் இருக்கும்.

புகைப்படம் வேறு வகை. போட்டோகிராபியில் புகை எங்கே வந்தது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. 1887ல் ஜெர்மனியில் மெக்னீசியப் பொடியை வேறு ரசாயனத்தோடு கலந்து கொளுத்தும் பிளாஷ் பொடி வந்தது. பளீரென்று ஒரு வெளிச்சம், உடனே குப்பென்று வெள்ளைப் புகை. 1930 வாக்கில் பல்பு பிளாஷ் வரும்வரை இருட்டில் படம் என்றால் புகைதான். கல்யாண வீட்டில் நின்று பார்த்தவருக்கு உள்ளே இருக்கும் வில்லையும் வெள்ளி உப்பும் தெரியாது. புகை தெரிந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது. டிரைப் காலத்தில் எல்லாம் சூரிய வெளிச்சம் என்பதால் இந்தச் சொல் அவ்வளவு பழையதாக இருக்க வழியில்லை.

ஒளிப்படம் என்பதே கிரேக்கச் சொல்லுக்கு நேரான தமிழ். போட்டோ என்றால் ஒளி. தமிழ் ஆர்வலர்கள் 'புகைப்படம் என்று எழுதாதீர்கள், அது பிழை' என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் வெற்றி புகையின் பக்கம்! டி.என்.சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993ல் வந்த வாக்காளர் அட்டையைச் செய்தித்தாள்கள் புகைப்பட அடையாள அட்டை என்றே எழுதின. வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் இன்றைக்கும் "புகைப்படம் ஒட்டவும்". சினிமாவில் மட்டும் ஒளி ஜெயித்தது. அங்கே ஒளிப்பதிவாளர் என்று டைட்டில் போட்டால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே கருவி, தியேட்டருக்குள் ஒளி, ஸ்டூடியோவில் புகை. விசித்திரம்தான்.

சினிமா என்றதும் திருச்சிக்கு இன்னொரு பங்கு உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் இயந்திரத்தை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டத் தொடங்கினார். 1909ல் அவர் சென்னையில் நடத்திய காட்சியின் பெயர் 'எடிசன் கிராண்ட் சினிமாமெகாபோன்'. ஒரு புரஜெக்டர், கூடவே ஒரு கிராமபோன். இரண்டையும் சேர்த்து ஒரு சொல். பொருள் புரிகிறதோ இல்லையோ, பெயரைக் கேட்டதும் டிக்கெட் வாங்கத் தோன்றும். விற்பனைக்காகச் சொல் உருவாக்குவது என்னவென்று புரிய இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

ஸ்டூடியோக்காரர்கள் மட்டும் இந்தத் தமிழ்ச் சண்டை எதிலும் சேரவில்லை. அவர்களுக்கு என்று ஒரு தனி மொழி. பிலிம் 'கழுவுவது', பிரிண்ட் 'போடுவது', படம் 'ஷேக்' ஆவது, கண் 'மூடிக்கொள்வது'. அளவைச் சொல்ல புல் பிளேட், ஆப் பிளேட், குவார்ட்டர் பிளேட். இது டாகெர் காலத்துத் தகட்டின் அளவு. முழுத் தகடு என்பது ஆறரைக்கு எட்டரை அங்குலம், குவார்ட்டர் என்பது மூன்றேகாலுக்கு நாலேகால். கண்ணாடித் தகடு ஒழிந்து, பிலிம் வந்து, அதுவும் போகிற வரைக்கும் இந்தச் சொற்கள் நம் ஊர் ஸ்டூடியோக்களில் நடமாடின. 'கார்டு சைஸ்' என்பதும் பாரிஸில் டிஸ்டெரி 1854ல் காப்புரிமை எடுத்த விசிட்டிங் கார்டு அளவுப் படத்தின் வாரிசுதான். 120 பிலிம் போட்டு 12 படம் எடுக்கும் 'அக்ஃபா கிளிக் III' பரோடாவில் செய்யப்பட்டது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967ல் உற்பத்தி தொடங்கி 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிம் செய்தது. அந்த ஆலை இப்போது இல்லை. இந்தச் சொற்களை எல்லாம் பள்ளிக்கூடம் போகாதவர்களும் பழகிக்கொண்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் இருந்தது.

அந்த ஸ்டூடியோவின் பின்பக்கம் இருந்த டார்க் ரூமில் ஒரு வேடிக்கை உண்டு. கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கு அறை என்றுதான் பொருள். பழைய காலத்துக் 'கேமரா அப்ஸ்கியூரா' என்றால் இருட்டறை. ஆகவே டார்க் ரூமும் கேமராவும் பிறப்பில் ஒரே சொல்! நீதிமன்றத்தில் 'இன் கேமரா' விசாரணை என்று செய்தி வந்தால், வீடியோ எடுத்துக்கொண்டு விசாரிப்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நேர் எதிர். யாரையும் உள்ளே விடாமல் மூடிய அறைக்குள் விசாரிப்பது.

இப்படிப்பட்ட பழைய சொற்களில் ஷட்டர், ஸ்டாப், ஸ்பீட் மூன்றும் புதிதாகக் கற்றுக்கொள்பவரைப் படுத்தும். நம் கடைத்தெருவில் ஷட்டர் என்றால் இரவு பத்து மணிக்குக் கடகடவென்று இறக்குவது. ஸ்டாப் என்றால் பஸ் நிற்பது. கேமராவில் ஸ்டாப் என்று ஏன் வந்தது என்றால், 19ம் நூற்றாண்டில் துளை போட்ட தகடுகளை வில்லைக்குள் சொருகி வெளிச்சத்தைத் தடுத்தார்கள். தடுப்பதால் ஸ்டாப். தகடு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அதை 'நிறுத்தம்' என்று மொழிபெயர்த்தால் சத்திரம் பேருந்து நிறுத்தம் நினைவுக்கு வருமே தவிர வெளிச்சம் நினைவுக்கு வராது. பிலிமின் வேகத்தை அமெரிக்கர்கள் ஏ.எஸ்.ஏ. என்றும் ஜெர்மானியர்கள் டின் என்றும் அளந்தார்கள். 100 ஏ.எஸ்.ஏ. என்பது 21 டின். 1974ல் இரண்டையும் சேர்த்து ஐ.எஸ்.ஓ. என்று ஆக்கினார்கள். இங்கே ஐ.எஸ்.ஓ. என்றால் கம்பெனி வாசலில் தொங்கும் தரச் சான்றிதழ். (நிறுவனம் ஒன்றுதான். அதனால் குழப்பம் இன்னும் கூடுதல்!)

இவை எல்லாம் தானாக வளர்ந்த குழப்பங்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. டிஜிட்டல் வந்த பிறகு வந்தவை அப்படியல்ல.

1975ல் கோடாக் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் மொத்தம் 10,000 புள்ளிகள். ஒரு படம் கேசட்டில் பதிய 23 விநாடி. முப்பது வருடத்தில் அது கடைக்கு வந்து மெகாபிக்சல் போட்டியாக மாறிவிட்டது. மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி, அவ்வளவுதான். ஆல்பத்தில் ஒட்டும் ஆறுக்கு நான்கு அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்குப் போடுங்கள். 1800 பெருக்கல் 1200, அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம். இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு மாமியாருக்கு அனுப்புகிறவருக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. நாலிலிருந்து எட்டு என்றால் இரண்டு மடங்கு தெளிவு என்று வாங்குபவர் நினைப்பார். நீளத்தில் 1.4 மடங்குதான் கூடும்.

ஜூம் இன்னும் மோசம். '12எக்ஸ்' என்பது பன்னிரண்டு மடங்கு பக்கத்தில் வரும் என்று அல்ல. வில்லையின் மிகக் குறைந்த குவியத் தூரத்துக்கும் மிக அதிகமானதற்கும் உள்ள விகிதம் மட்டுமே அது. கல்யாண வீட்டுக்காரர் வைத்திருக்கும் 18-55 வில்லை மூன்று எக்ஸ். காட்டில் புலி எடுப்பவர் வைத்திருக்கும் 300 மி.மீ. வில்லைக்கு ஜூமே கிடையாது. எது புலியைப் பக்கத்தில் கொண்டுவரும் என்று சொல்லத் தேவையில்லை. 'டிஜிட்டல் ஜூம்' என்பது படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுவது. எட்டு மெகாபிக்சல் கேமராவில் நாலு எக்ஸ் டிஜிட்டல் ஜூம் போட்டால் மிச்சம் இருப்பது பதினாறில் ஒரு பங்கு, அரை மெகாபிக்சல். இதற்கு ஒரு பட்டன், அட்டைப்பெட்டியில் ஒரு நட்சத்திரம்!

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு. கெனான் அதை ஐ.எஸ். என்கிறது. நிக்கான் வி.ஆர். என்கிறது. சிக்மாவில் ஓ.எஸ்., டாம்ரானில் வி.சி., பென்டாக்ஸில் எஸ்.ஆர்., சோனியில் ஸ்டெடிஷாட், பானசோனிக்கில் மெகா ஓ.ஐ.எஸ். செய்யும் முறையில் வேறுபாடு உண்டு. சிலவற்றில் வில்லை அசையும், சிலவற்றில் சென்சார் அசையும். ஆனால் வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரே பலன். எட்வர்ட் சேம்பர்லின் என்ற பொருளாதார அறிஞர் 1933லேயே இதை எழுதினார். பொருள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பெயரையும் அடையாளத்தையும் வேறாக்கு, அப்போது வாங்குபவரால் நேருக்கு நேர் விலையை ஒப்பிட முடியாது. பி.காம். பாடத்தில் இதற்குப் 'பொருள் வேறுபடுத்தல்' என்று பெயர். கேமரா கடையில் இதற்கு 'டெக்னாலஜி' என்று பெயர்.

எல்லாவற்றிலும் அநியாயம் சென்சார் அளவுதான். சின்ன கேமராக்களின் விவரத்தில் 1/2.5 அங்குலம் என்று இருக்கும். கணக்குப் போட்டால் 10.16 மி.மீ. அளந்து பார்த்தால் மூலைக்கு மூலை சுமார் 7.2 மி.மீ. எங்கே போனது மிச்சம்? 1950களின் டெலிவிஷன் கேமராவில் விடிகான் என்ற கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளி விட்டம் ஒரு அங்குலம் என்றால் உள்ளே படம் விழும் பகுதி சுமார் 16 மி.மீ. தான். குழாய் மறைந்தும் அந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். காந்தி மார்க்கெட்டில் ஒரு கிலோ என்று சொல்லி 700 கிராம் வெங்காயம் கொடுத்தால் எடையளவு அதிகாரி வந்து நிற்பார். கேமராவில் அதே விகிதத்தில் குறைகிறது, கேட்க ஆளில்லை. இன்னொரு பக்கம், 36க்கு 24 மி.மீ. சென்சாரை இன்று பயபக்தியோடு 'புல் பிரேம்' என்கிறார்கள். 1925ல் லைக்கா அந்த அளவில் வந்தபோது அதற்குப் பெயர் மினியேச்சர்.

இதற்கு நடுவில் தமிழ்க் கலைச்சொல் செய்பவர்களும் சும்மா இல்லை. 1916ல் ராஜாஜி சேலத்தில் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் தொடங்கியதிலிருந்து தமிழில் இந்த முயற்சி தொடர்கிறது. அதன் பலன்தான் பள்ளியில் படிக்கும் குவியம், குவியத் தூரம், எதிரொளிப்பு எல்லாம். நல்ல சொற்கள், படித்தவுடன் பொருள் தெரிகிறது. ஆனால் டிஜிட்டலுக்கு வந்தபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இலங்கையில் இலக்கமுறை, சிங்கப்பூரில் மின்னிலக்கம், தமிழ்நாட்டில் எண்ணிமம், எண்மம், எண்முறை. பிக்சலுக்குப் படப்புள்ளி, படவணு. செல்பிக்குத் தாமி, தற்படம், தம்படம். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு பொருளுக்கு ஏழு பெயர் வைப்பதைத் திட்டிவிட்டு நாமும் அதையே செய்தால் எப்படி? படவணு என்று ஒருவர் எழுத, படப்புள்ளி என்று படித்தவர் இது வேறு ஏதோ என்று நினைக்க, கடைசியில் இருவரும் பிக்சலுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இப்போது இந்தச் சொற்கள் எல்லாம் போனுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. 2018ல் சோனி 48 மெகாபிக்சல் போன் சென்சார் கொண்டுவந்தது. நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, பெரும்பாலும் 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். விளம்பரத்தில் 48 பெரிதாக இருக்கும், 12 இருக்காது. பின்னணி மங்கலாவதற்குப் 'பொக்கே' என்று ஜப்பானியப் பெயர். நம் ஸ்டூடியோக்காரர் 'அவுட் ஆஃப் போகஸ்' என்று சொன்னபோது அது தப்பு, இப்போது அதற்குத் தனியாக ஒரு மோட்.

ஸ்ரீரங்கத்தில் கேமராவுக்கு ஒரு சீட்டு, வீடியோ கேமராவுக்கு வேறு ஒரு சீட்டு என்று கட்டணம் வாங்கிய காலம் உண்டு. எது கேமரா, எது வீடியோ கேமரா என்று சீட்டுக் கொடுப்பவருக்குப் பார்த்தவுடன் தெரியும். ஒன்று கழுத்தில் தொங்கும், மற்றது தோளில் இருக்கும். போனில் இரண்டும் ஒன்றாக வந்து சட்டைப்பையில் உட்கார்ந்ததும் அந்தப் பாகுபாடு செல்லாமல் போயிற்று. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. பக்தர்கள் உள்ளே படம் எடுப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் உத்தரவில் தடை விழுந்த பொருளின் பெயர் கைபேசி.